வாசகர் கேள்விகள்: மீன் விற்ற அம்மா பேசியது எந்த ஜப்பானியம்?

இரண்டு இதழ்களுக்கு முன்பு இந்தப் பகுதியில் ஜப்பானிய மொழி படிப்பதைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன: ஜப்பானிலும் நம்மைப் போல ஊருக்கு ஊர் பேச்சு மாறுமா, மாறினால் எவ்வளவு மாறும்? ஜூரோங்கில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் தொழிற்சாலையில் 18 வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு வேறு கிடையாது. அதனால் இந்த இதழின் பக்கங்கள் முழுக்க இதற்கே.

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் ஜப்பானிய மொழியை மூன்றாம் மொழியாகப் படித்தாள். நல்ல மதிப்பெண்தான். டிசம்பர் விடுமுறையில் ஒசாகா போயிருந்தோம். சந்தையில் மீன் விற்ற அம்மா பேசியது அவளுக்குப் பாதிகூடப் புரியவில்லை. பிள்ளையின் முகமே வாடிவிட்டது. பள்ளியில் சரியாகச் சொல்லித்தரவில்லையா?
வாசகி, ஈசூன்

பள்ளி மேலும் குறையில்லை, மகள் மேலும் குறையில்லை. முதலில் அவளிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அவள் படித்தது தோக்கியோ பேச்சை அடிப்படையாக வைத்து உருவான பொதுமொழி. பாடநூல், செய்தி, தேர்வு எல்லாம் அதில்தான் நடக்கும். மீன் விற்ற அம்மா பேசியது ஒசாகா பேச்சு. நம் பாடநூல் தமிழை மட்டும் படித்த ஒருவரைக் கொண்டுபோய் நாகர்கோவில் சந்தையில் நிறுத்தினால் அவரும் திகைத்துத்தான் நிற்பார்.

அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. 'நன்றி' என்பதற்கு மகள் படித்தது 'அரிகாத்தோ'. ஒசாகாவின் பழைய கடைகளில் 'ஓகினி' என்பார்கள். 'எவ்வளவு' என்பது பாடத்தில் 'இக்குரா', அங்கே 'நம்போ'. 'கூடாது, ஆகாது' என்பது பாடத்தில் 'தமே', அங்கே 'அக்கான்'. 'நிஜமாவா?' என்று கேட்க 'ஹொந்தோ?' என்று படித்திருப்பாள், அங்கே 'ஹொம்மா?' என்பார்கள். 'புரியவில்லை' என்பது 'வகரனாய்' என்றில்லாமல் 'வகராஹென்' என்று வரும், அதாவது எதிர்மறை விகுதியே வேறு. வாக்கியத்தின் கடைசியில் வரும் 'தா'கூட 'யா' ஆகிவிடும். இப்படி வால் பகுதி முழுக்க மாறினால் புதிதாகக் கேட்கிற காது என்ன செய்யும், சொல்லுங்கள்.

சொற்களையாவது ஒரு வாரம் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம். ஆளைத் திணறடிப்பது சுருதி. 'ஹஷி' என்று ஒரு சொல். தோக்கியோவில் 'ஹ'வை உயர்த்தி 'ஷி'யை இறக்கினால் சாப்பிடும் குச்சி, 'ஹ'வைத் தாழ்த்தி 'ஷி'யை உயர்த்தினால் பாலம். ஒசாகாவிலும் கியோத்தோவிலும் இது அப்படியே தலைகீழ்: முன்னெழுத்தை உயர்த்தினால் பாலம், பின்னெழுத்தை உயர்த்தினால் குச்சி. ஒரு சொல்லில் மட்டும் இப்படி இல்லை, ஆயிரக்கணக்கான சொற்களின் ஏற்ற இறக்கம் மொத்தமாக வேறு. ஃபுகுஷிமா, மியாசாகி போன்ற சில பகுதிகளில் இந்த வேறுபாடே கிடையாது, குச்சியும் பாலமும் ஒரே மாதிரி ஒலிக்கும், இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார்கள்.

மகளுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். இரண்டு பேர் நின்று மாறி மாறிப் பேசிச் சிரிக்கவைக்கும் 'மன்சாய்' நிகழ்ச்சிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கலைக்குத் தாய்வீடே ஒசாகாதான். ஜப்பான் முழுக்க ஒசாகா பேச்சை ஓரளவு புரிந்துகொள்வதற்கு, தொலைக்காட்சியில் வரும் இந்தக் கலைஞர்கள் பெரிய காரணம். நான்கு வருடம் படித்த பிள்ளைக்கு நான்கு மாதத்தில் காது திறந்துவிடும்.

எங்கள் பிரிவுக்கு ஃபுகுவோக்காவிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். நல்ல மனிதர். வேலை முடிந்ததும் கருவிகளைக் காட்டி 'நவோஷ்தே' என்கிறார். அகராதியில் பார்த்தால் 'பழுதுபார்' என்று இருக்கிறது. கருவிகள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன? திரும்பக் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது.
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தயங்காமல் கேளுங்கள் தம்பி. இதே சொல்லால் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். எங்களுக்கும் ஃபுகுவோக்காக்காரர் ஒருவர்தான் மேலாளர். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது மேசைமேல் இருந்த முறுக்குவிசை அளக்கும் திருகுச்சாவியைக் காட்டி "கொரே, நவோஷ்தே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் 'பழுதுபார்க்கச் சொல்கிறார்' என்று மொழிபெயர்த்தேன். எங்கள் தொழில்நுட்பர் மன்னார்குடிக்காரர், சொன்னால் சொன்னபடி செய்கிறவர். மேலாளர் திரும்பி வந்தபோது திருகுச்சாவி துணிமேல் பன்னிரண்டு துண்டாகக் கிடந்தது, ஒவ்வொன்றும் சுத்தமாகத் துடைத்து வரிசையாக. அவர் கோபப்படவில்லை, கையில் ஒரு சுருள்வில்லை எடுத்துப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அளவுக் கருவி என்பதால் மறுபடி அளவுத் திருத்தத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அன்றைக்கு ஒரு வரிசை வேலை நின்றுபோனது.

'நவோசு' என்றால் தோக்கியோவில் பழுதுபார்ப்பது. ஒசாகா, கியோத்தோ இருக்கும் கன்சாய் பக்கமும், ஃபுகுவோக்கா இருக்கும் கியூஷு தீவுப் பக்கமும் அதற்கு 'எடுத்த இடத்தில் திரும்ப வை' என்ற பொருளும் உண்டு. கெட்டதைச் சரியாக்குவதும் கலைந்ததை இடத்தில் வைப்பதும் ஒன்றுக்கொன்று பக்கம்தானே. இதில் பெரிய சிக்கல், அந்தப் பகுதிக்காரர்கள் பலருக்கு இது வட்டாரச் சொல் என்றே தெரியாது. 'நம்போ' சொல்லும்போது ஒசாகாக்காரருக்குத் தான் ஊர்ப் பேச்சு பேசுகிறோம் என்பது தெரியும். 'நவோசு' பொதுமொழியிலும் இருப்பதால் சந்தேகமே வராது. தெரியாத சொல் வந்தால் நாம் நின்று கேட்போம், தெரிந்த சொல் வந்தால் கேட்க மாட்டோம், அங்கேதான் தவறு நடக்கும். ஹொக்கைதோக்காரர் 'கொவாய்' என்றால் பயமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், களைப்பாக இருக்கிறது என்கிறார். நகோயாக்காரர் 'எராய்' என்றால் யாரையோ பெரிய ஆள் என்று புகழ்வதாக நினைக்காதீர்கள், அவருக்கும் களைப்புதான்.

உங்கள் பொறியாளரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய அருமையான விஷயம் இன்னொன்று இருக்கிறது. பொதுமொழியில் 'மழை ஃபுத்தே இரு' என்றால் மழை பெய்துகொண்டிருக்கிறது என்றும் இருக்கலாம், பெய்து நின்றுவிட்டது, தரை ஈரமாக இருக்கிறது என்றும் இருக்கலாம். ஹிரோஷிமா, ஷிகொகு, கியூஷு பக்கங்களில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வார்கள். கண் முன்னால் கொட்டிக்கொண்டிருந்தால் 'ஃபுரியோரு', பெய்த தடம் மட்டும் தெரிந்தால் 'ஃபுத்தோரு'. நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு: பெய்கிறது, பெய்திருக்கிறது. காலையில் உணவறை ஜன்னல் வழியாக வாகன நிறுத்தத்தைப் பார்த்து எங்கள் மேலாளர் "ஃபுத்தோரு நே" என்பார், தரை நனைந்திருக்கும், வானம் வெளுத்திருக்கும். தோக்கியோக்காரர் அதே ஜன்னலில் நின்று சொன்னால் நான் எட்டிப் பார்த்துத்தான் குடை வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். வட்டார வழக்கைக் கொச்சை, சிதைந்த பேச்சு என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த ஒரு உதாரணத்தைத்தான் காட்டுவேன். சிதைந்த பேச்சில் இவ்வளவு துல்லியம் எங்கிருந்து வரும்?

அப்புறம், ஃபுகுவோக்காவின் ஹகாத்தா பகுதியில் புகழ்பெற்ற ஒரு பேச்சு உண்டு, நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். கைக்குட்டைப் பொட்டலம் வைத்து 'சோப்' பண்ணிய, அதாவது இடம் பிடித்து வைத்த, இருக்கையைக் காட்டி, "இது பிடித்து வைத்த இடமா?" என்று கேட்க "தொத்தோத்தோ?" "ஆமாம், பிடித்து வைத்திருக்கிறேன்" என்பதற்கும் "தொத்தோத்தோ." கேள்விக்குக் குரல் ஏறும், பதிலுக்கு இறங்கும், அவ்வளவுதான். நாளைக்கு உணவங்காடியில் அவரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த மனிதர் முகத்தில் ஊர் தெரியும்.

ஜப்பானியர்களுக்கே புரியாத ஜப்பானியப் பேச்சு எது?
தொடக்கக்கல்லூரி மாணவர், புக்கிட் பாத்தோக்

தம்பி, இதற்கு வழக்கமாக இரண்டு பெயர் சொல்வார்கள். தெற்கே ககோஷிமா, வடக்கே ட்சுகாரு. ட்சுகாரு என்பது ஹொன்ஷு தீவின் வடகோடி, அவோமோரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி. பனி கொட்டும் இடம்.

அங்கே இரண்டு பேர் தெருவில் சந்திக்கிறார்கள். ஒருவர்: "தோசா?" மற்றவர்: "யுசா." முடிந்தது. 'எங்கே போகிறாய்?' 'வெந்நீர்க் குளியலுக்கு.' 'சா' என்பது நம்முடைய 'க்கு' மாதிரி. 'தோ' எங்கே, 'யு' வெந்நீர். 'கே' என்று ஒரே எழுத்தைச் சொன்னால் 'சாப்பிடு' என்று அர்த்தம். குளிருக்கு வாயைத் திறக்க முடியாமல் இப்படிச் சுருக்கிவிட்டார்கள் என்று எல்லோரும் கதை சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, குளிர்கிற ஊர்க்காரர்கள் எல்லாம் இப்படிப் பேசுகிறார்களா என்ன. உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். ட்சுகாருவில் 'வ' என்றால் நான், 'ந' என்றால் நீ. தமிழ்க் காதோடு போய் நின்றால் முதல் நாள் தலை சுற்றும்.

அதே சமயம் தமிழ்க் காது அங்கே கைகொடுக்கும், இதை எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டுத்தான் பிடித்தேன். வடகிழக்கான தோஹொகு பகுதியில், சொல்லின் நடுவில் இரண்டு உயிரொலிகளுக்கு இடையே வரும் வல்லின ஒலி மெலிந்துவிடும். பூனைக்கு 'நெகொ' என்பதைப் பொதுமொழியில் 'மூக்கு' என்பதில் வரும் 'க்' போல அழுத்தமாகச் சொல்வார்கள், அங்கே 'பகல்' என்பதில் வரும் 'க' போலச் சொல்வார்கள். 'படம்', 'அது', 'முகம்' என்று நாம் எழுதுவது ஒன்று, நடுவில் வந்தால் தானாக மெலிவது ஒன்று இல்லையா, கிட்டத்தட்ட அதே பழக்கம். சிங்கம், சுஷி, கரி மூன்றும் பொதுமொழியில் 'ஷிஷி', 'சுஷி', 'சுசு'. தோஹொகுவின் பல ஊர்களில் இந்த மூன்றும் ஒரே ஒலியாகிவிடும். இந்தப் பேச்சுக்கு 'சூசூ' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். வேலை தேடி தோக்கியோ வந்த தோஹொகுப் பிள்ளைகள் பலர் இந்தக் கேலிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது.

ஒகினாவாவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அது வழக்கு இல்லை, தனி மொழி. கீழே ஒரு பதிலில் வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் பழைய ஜப்பானியக் கல்லறை இருக்கிறது. காலையில் அங்கே நடைப்பயிற்சி செய்வேன். அங்கே உறங்குகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள், அவர்கள் பேசியது எந்த ஜப்பானியம்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹவ்காங்

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மறுநாளே அங்கே ஒரு நடை போய்விட்டு வந்தேன். 1891இல் உண்டான இடம் அது. ஓரமாகத் தரையோடு தரையாகச் சின்னச் சின்னக் கற்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, 'கராயுகி சான்' என்று அழைக்கப்பட்ட பெண்களுடையவை. வறுமையால் விற்கப்பட்டும் ஏமாற்றப்பட்டும் இங்கே கொண்டுவரப்பட்ட இளம் பெண்கள். இன்று பூகிஸ் ஜங்ஷன் நிற்கும் இடத்தில் இருந்த மலாய் தெரு, ஹைலாம் தெரு பாலியல் தொழில் விடுதிகளில் அவர்கள் வாழ்க்கை கழிந்தது. பெரும்பாலோர் கியூஷுவின் இரண்டே பகுதிகளிலிருந்து வந்தவர்கள்: நாகசாகியின் ஷிமபாரா, குமமோட்டோவின் அமாகுசா தீவுகள்.

ஆகவே அந்தக் காலத்தில் சிங்கப்பூர்த் தெருவில் கேட்ட ஜப்பானியம் தோக்கியோ ஜப்பானியம் இல்லை, மேற்குக் கியூஷுப் பேச்சு. 'நல்லது' என்பதற்கு 'யொய்' அல்லது 'ஈ' என்று சொல்லாமல் 'யொக்கா' என்பார்கள், 'குளிர்' என்பதற்கு 'சமுக்கா', 'ஆனால்' என்பதற்கு 'பத்தென்'. 1942 பிப்ரவரியில் இந்தத் தீவைப் பிடித்த படையிலும் 5ஆவது டிவிஷன் ஹிரோஷிமாவைச் சேர்ந்தது, 18ஆவது டிவிஷன் ஃபுகுவோக்காவின் குருமேயைச் சேர்ந்தது. நம் தாத்தா பாட்டிகள் பயந்து பயந்து கேட்ட அதட்டல்களிலும் மேற்கு ஜப்பானின் வாடைதான் அடித்திருக்கும்.

அதே கல்லறையில் ஃபுதபத்தேய் ஷிமெய் என்ற எழுத்தாளருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, அடுத்த முறை தேடிப் பாருங்கள். ரஷ்யாவிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும்போது 1909 மே மாதம் வங்காள விரிகுடாவில் இறந்துபோனார், இங்கேதான் எரியூட்டினார்கள். செய்யுள் வாடை அடிக்கும் பழைய எழுத்து நடையை விட்டு, தோக்கியோ மக்கள் வாயில் வரும் பேச்சை வைத்து நாவல் எழுதத் துணிந்த முன்னோடி அவர். 1887இல் வெளிவரத் தொடங்கிய 'உகிகுமோ' தான் அது. உங்கள் மாணவர்கள் இன்று பாடநூலில் படிக்கும் ஜப்பானிய நடைக்கு வழி போட்டவர்களில் ஒருவருக்கு நினைவுக்கல், அமாகுசாப் பேச்சு பேசிய அந்தப் பெண்களின் கற்களும் அதே வளாகத்தில்.

1979இல் இங்கே மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு என் ஹொக்கியன் நண்பர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியோடு பேச மொழி இல்லாமல் போனது. ஜப்பானிலும் இப்படி நடந்ததா?
வாசகர், தோ பாயோ

நடந்தது. இன்னும் கடுமையாக நடந்தது.

1868இல் 'எதோ' என்ற நகரத்தின் பெயர் தோக்கியோ ஆனது. அதற்கு முன் 250 வருடத்துக்கு மேல் நாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது, மக்கள் எல்லை தாண்டிப் போவதற்கே கட்டுப்பாடு, அதனால் ஒவ்வோர் ஊர்ப் பேச்சும் தன் போக்கில் வளர்ந்திருந்தது. புதிய அரசுக்கு ஒரே ராணுவம், ஒரே பள்ளி, ஒரே மொழி வேண்டியிருந்தது. 1895இல் மொழியியலாளர் உவேதா கசுதோஷி, தோக்கியோவின் படித்தவர்கள் பேச்சை அடிப்படையாக வைத்துப் பொதுமொழி உருவாக்க வேண்டும் என்று எழுதினார். 1904இல் நாடு முழுவதுக்கும் ஒரே அரசுப் பாடநூல் வந்தது, 1925இல் வானொலி வந்தது.

பொதுமொழி வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அது தேவைதான். அதைக் கொண்டுவந்த விதம்தான் வலிக்கிறது. ஒகினாவா 1879 வரை தனி அரசு. அந்த மக்களின் மொழிகள் ஜப்பானிய மொழிக்கு உறவுதான், ஆனால் தோக்கியோக்காரருக்கு ஒரு வரிகூடப் புரியாது. அங்கே பள்ளிகளில் வீட்டு மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிட்டார்கள், 'ஹோகென் ஃபுதா', அதாவது வட்டாரவழக்கு அட்டை. இன்னொரு குழந்தை அதே தப்பைச் செய்து மாட்டும்வரை அது கழுத்திலேயே கிடக்கும். பலகையைக் கழற்ற வேண்டுமென்றால் கூட விளையாடுகிறவன் வாயைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையிடம் செய்கிற காரியமா இது?

2009இல் யுனெஸ்கோ வெளியிட்ட பட்டியலில் ஜப்பானில் அழியும் நிலையிலுள்ள மொழிகள் எட்டு. அதில் வடக்கே ஹொக்கைதோவின் பூர்வகுடிகளுடைய ஐனு மொழியும் ஹச்சிஜோ தீவின் பேச்சும் போக மீதி ஆறும் ஒகினாவா, அமாமி பக்கத்துத் தீவுகளுடையவை. இப்போது மீட்கிற முயற்சி நடக்கிறது. 2006 முதல் ஒகினாவாவில் செப்டம்பர் 18ஆம் தேதி தாய்மொழி நாள், ஊர்ப் பேச்சுக்கு அவர்கள் சொல்லும் 'குதுபா' என்ற சொல்லின் ஒலி 9, 10, 8 என்ற எண்களின் பெயரில் வருவதால் அந்தத் தேதி. அங்கே வணக்கம் சொல்ல ஆண் 'ஹைசாய்' என்பார், பெண் 'ஹைதாய்' என்பார். இளையவர்கள் இந்த ஒரு சொல்லையாவது பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் ஒசாகாக்காரர்கள் அதிகம். நானும் ஒசாகா பேச்சு பேசினால் நெருக்கம் வருமா?
வாசகி, செங்காங்

கேட்கப் பழகுங்கள், பேச அவசரப்படாதீர்கள். பொதுமொழியில் மரியாதையாகப் பேசினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒட்டவைத்த ஒசாகா பேச்சு அவர்கள் காதில் உறுத்தும், சினிமாவில் செயற்கையாக மதுரைத் தமிழ் பேசும்போது மதுரைக்காரருக்கு எப்படி இருக்கும், அப்படி. அவர்களே சொல்லித்தரும் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: 'முட்டாள்' என்பதற்கு தோக்கியோவில் 'பக்கா', ஒசாகாவில் 'அஹோ'. ஒசாகாக்காரர் சிரித்துக்கொண்டே 'அஹோ' என்றால் செல்லமாகச் சொல்கிறார். அவரைப் பார்த்து யாராவது 'பக்கா' என்றால் சுருக்கென்று தைக்கும்.

எந்த ஊர்ச் சொல் பழையது, எது புதியது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
வாசகர், பொங்கோல்

இதற்கு ஒரு நத்தை உதவியது. நாட்டார் வழக்காற்றறிஞர் யனகிதா குனியோ, நத்தைக்கு ஊர் ஊராக என்ன பெயர் என்று திரட்டி 1930இல் நூலாக்கினார். கியோத்தோவைச் சுற்றி 'தெதெமுஷி', அதைச் சுற்றி இரண்டு பக்கமும் 'மைமை', அதற்கும் வெளியே 'கதத்சுமுரி', அதற்கும் வெளியே 'ட்சுபுரி', கடைக்கோடியில் 'நமெகுஜி'. குளத்தில் கல்லைப் போட்டால் வளையம் வளையமாகப் பரவுமே, அதுபோலத் தலைநகர் கியோத்தோவில் புதுச்சொல் பிறந்து வெளியே பரவ, அதற்கு முந்திய சொல் தள்ளிப் போயிருக்கிறது என்பது அவர் முடிவு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத வடக்குக் கோடியிலும் மேற்குக் கோடியிலும் ஒரே சொல் கிடப்பதற்கு வேறு எப்படிக் காரணம் சொல்வது? எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, பிற்பாடு மறுத்து எழுதியவர்களும் உண்டு. தேசிய மொழி ஆய்வு நிறுவனம் 1957 முதல் 1965 வரை சுமார் 2,400 ஊர்களில் ஆள் அனுப்பிக் கேட்டு, 300 வரைபடங்களாக அச்சிட்டது. அதில் சில சொற்கள் வளையமாக இருக்கின்றன, சில நாட்டைக் கிழக்கு மேற்காக இரண்டாக வெட்டுகின்றன.

நம் பக்கம் 'நத்தை' தவிர 'ஊமச்சி' என்று சொல்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள், அவர்கள் எந்த ஊர் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வருவதை அடுத்த இதழில் போடுகிறேன்.